நாலாம் வீட்டுத் திறப்பு

பேர்கன், நோர்வே
12.01.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி றஞ்சித் எழுதுகிறேன். இங்கே மழையைத் தவிர எல்லோரும் சுகம். உங்கள் மச்சாள் தயாளினிக்கு இருமல் நின்றுவிட்டது. எனக்கு பஸ் ஓட்டி ஓட்டி இடுப்பு மட்டும் ஒரு பக்கமாகத் திரும்பி நிற்கிறது. உங்கள் முழங்கால் எப்படி? லவீனா, மருமகன் நிருஷன், பேரப்பிள்ளைகள் எல்லோரும் சுகமா?

இதைப் போனில் சொல்லியிருப்பேன். நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று தெரியும். "போனிலை கதைச்சது காத்தோடை போயிடும். முக்கியமான விசயமெண்டால் எழுத்திலை வை." முப்பத்தொரு வருஷம் உப தபால் கந்தோர் நடத்தியவரோடு வாதாட நான் வரவில்லை. எழுத்தில் வைக்கிறேன்.

பாசையூரில் இன்னாசித்தம்பி மாஸ்ரரின் ஐந்து வாடகை வீடுகள், ஒழுங்கைக்குள் வரிசையாக நிற்குமே, அவை விலைக்கு வந்திருக்கின்றன. மாஸ்ரர் அவுஸ்திரேலியாவுக்கு மகளிடம் போகிறாராம். ஒன்றோ இரண்டோ தருவாரா என்று கேட்டுப் பார்த்தேன். மனுசன் சீறினார். "அஞ்சுக்கும் ஒரு காணி உறுதி, ஒரு கிணறு, ஒரு பாதை. பிச்சுப் பிச்சு விக்க இது என்ன பாணே?"

அடுத்த வருஷம் எனக்கு ஓய்வு. நாலு வீட்டின் வாடகை எங்களைப் பார்த்துக்கொள்ளும். நாலாம் வீட்டை எங்களுக்கென்று வைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். கடல் காற்று நேரே வருவது அதற்குத்தானாம். இங்கே பனி தொடங்க வந்து, சித்திரை முடியத் திரும்புவோம். இப்போது அதில் யாரோ ஒரு மனுசி வாடகைக்கு இருக்கிறாராம். அவரை வீட்டை விட்டு எழுப்ப வேண்டிவரும்.

சேமித்தது எல்லாம் இதற்குள் போகப்போகிறது, அக்கா. அதனால் தயாளினி ஒரே பிடி. "அக்கா போய்ப் பாக்காமல் ஒரு சதமும் அனுப்பப்படாது." உங்கள் குருநகர் வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடைதானே. ஐந்தையும் பாருங்கோ, நாலாவதை இரண்டு தரம் பாருங்கோ, உள்ளதை உள்ளபடி எழுதுங்கோ. ஆனியில் அந்தோனியார் திருநாள் வரை பொறுப்பதாக மாஸ்ரர் சொல்லியிருக்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கோ.
அன்புத் தம்பி,
றஞ்சித்

*

(கூழ்ச் சட்டியோடு மகளுக்கு அனுப்பிய துண்டு)
02.02.2025

பிள்ளை லவீனா,

சட்டி சூடு, துணியோடு பிடி. சின்னவனுக்குத் தடிமன், மூக்கடைப்பு என்றாய், அவனுக்கு நண்டுக்கால் போட்டு வை.

நேற்று நீ கொண்டுவந்து தந்த கடிதத்தில் மாமா என்ன எழுதியிருக்கிறான் தெரியுமா? நான் வாடகைக்கு இருக்கிற இந்த வரிசை முழுவதையும் வாங்கப் போகிறானாம். நாலாம் வீட்டில் இருக்கும் 'யாரோ ஒரு மனுசி'யை எழுப்பப் போகிறானாம். அந்த மனுசி உன் கொம்மா என்று அவனுக்கும் தெரியாது, நான் அவன் அக்கா என்று மாஸ்ரருக்கும் தெரியாது. நீ வாயைத் திறக்காதே.

அவன் நினைப்பில் நான் இன்னும் குருநகரில் உங்களோடுதான் இருக்கிறேன். அந்த வீடு அவன் மீன் தொழிற்சாலையில் விரல் விறைக்க உழைத்து எனக்குச் சீதனமாகக் கட்டித் தந்தது. உனக்குச் சீதனமாக எழுதும்போது சீவிய உரித்தை, அதாவது சாகும்வரை நான் அங்கே இருக்கிற உரிமையை, வைத்துக்கொண்டு எழுதச் சொன்னான். ஓம் என்று சொல்லி, அப்படியே எழுதினேன். போன வருஷம் நிருஷனின் வள்ளத்துக்குக் கடன் கேட்டபோது, உரித்து இருக்கிற வீட்டுக்குக் கடன் இல்லை என்று வங்கி சொன்னது. அதையும் விட்டுக்கொடுத்தேன். எனக்கு அதில் வருத்தமில்லை. ஏழு பேருக்கு ஒரு கக்கூஸ் என்றிருந்த வீட்டை விட்டு நானாகத்தான் வந்தேன். ஆனால் இதைக் கேட்டால் அவன் மனம் உடைந்துபோகும். 'மாமியைக் கலைச்சுப்போட்டான்' என்று ஊர் நிருஷனைச் சொல்லும்.

சட்டியைக் கழுவித் தா. போனமுறை கழுவாமல் தந்தாய்.
அம்மா

*

06.02.2025

அன்புத் தம்பிக்கு,

மாதா உங்கள் இரண்டு பேரையும் காக்க. என் முழங்கால்கள் இரண்டும் இடத்தில் இருக்கின்றன, படி ஏறும்போது மட்டும் ஆளுக்கொரு நியாயம் பேசும். பிள்ளைகள் சுகம். மச்சாளுக்கு இருமல் திரும்பினால் மல்லியும் வேர்க்கொம்பும் அவித்துக் குடிக்கச் சொல்.

நீ கேட்டபடி ஐந்து வீடுகளையும் பார்த்தேன். முதலாவதில் கடலட்டைப் பண்ணையில் வேலை செய்யும் மூன்று பெடியங்கள். வாடகை ஒழுங்கு, உடுப்புக் காயப்போடுவதில் ஒழுங்கு இல்லை. இரண்டாவதில் ஒரு தையல்காரி. மெஷின் ஓயாது, வாயும் ஓயாது, ஆனால் தங்கமான பிள்ளை. மூன்றாவது வெறுமை. மாஸ்ரர் பழைய வலையையும் கால் உடைந்த வாங்குகளையும் அடைத்து வைத்திருக்கிறார். ஐந்தாவதில் ஓட்டோக்காரச் சயந்தனும் பெண்சாதியும்.

நாலாவதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. குசினியில் ஓடு ஒழுகும். தெற்கு யன்னல் உப்புக் காற்றில் இறுகிக் கிடக்கிறது. கக்கூஸ் கதவை உள்ளே கொளுவினால் வெளியே வர அந்தோனியாருக்கு நேர்த்தி வைக்கவேண்டும். உன் இடுப்புக்கு இது சரிவராது.

இருக்கிறவள் ஒரு பென்சன்காரி. வாய் கொஞ்சம் கூட. "நான் செத்தால்தான் இந்த வீட்டாலை போவன்" என்று சொல்லக்கூடிய ஆள். வயது போனவர்களோடு வழக்குப் பேசி வீடு எடுப்பது லேசில்லை. என்னைக் கேட்டால் விட்டுவிடு. காசை வங்கியில் போட்டுவிட்டு நிம்மதியாக இரு.

இங்கே எல்லோரும் உங்களைத் தேடுகிறோம்.
அக்கா

*

பேர்கன்
25.02.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் சுகமாக வந்து சேர்ந்தது, நானும் இடுப்பைத் தவிரச் சுகம். தயாளினி வேர்க்கொம்பு அவித்தாள். இப்போது வீடு முழுக்க மணக்கிறது, இருமலுக்குத்தான் ஆள் இல்லை.

கடிதத்தை இரண்டு பேரும் நாலு தரம் படித்துச் சிரித்தோம். கொழும்பில் ஓர் இஞ்சினியரைப் பிடித்து அனுப்பியிருந்தாலும் கக்கூஸ் கொளுவி வரை பார்த்திருக்க மாட்டார். ஓடு மாற்றலாம், யன்னல் மாற்றலாம், அந்தோனியாரையும் தொந்தரவு செய்யாமல் கொளுவியையும் மாற்றலாம். காற்றை மாற்ற முடியாதே. அதனால் ஆசை குறையவில்லை.

அந்த மனுசிதான் யோசனையாக இருக்கிறது. நீங்களே ஒரு தரம் கதைத்துப் பாருங்கோ. முற்பணத்தைத் திருப்பிக் கொடுத்து, வேறு வீடு பார்க்க ஆறு மாதம் தவணையும் கொடுப்பேன். பாவம், பக்குவமாகச் சொல்லுங்கோ. வயது போனவர்களோடு எப்படிக் கதைக்கவேண்டும் என்று உங்களுக்குத் தெரியும்.

இன்னொன்று. கடித உறையில் அனுப்புநர் விலாசம் எழுத மறந்துவிட்டீர்கள். அதற்காக ஊரில் எத்தனை பேருக்கு ஏச்சு விழுந்திருக்கும் உங்களிடம். உங்களுக்கும் வயது போகிறது போல.

பதிலை எதிர்பார்த்து,
றஞ்சித்

*

30.03.2025

அன்புத் தம்பிக்கு,

கர்த்தர் கருணையால் சுகம். அங்கேயும் அப்படியே இருக்கவேண்டும். பதில் பிந்திப்போனதற்குத் தவக்காலம், சிலுவைப்பாதை, முழங்கால் என்று மூன்று சாட்டு வைத்திருக்கிறேன். மூன்றும் உண்மை. ஆனால் காரணம் அவை இல்லை.

போன கடிதத்தில் நாலாம் வீட்டைப் பற்றி எழுதியதில் பாதி பொய். பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியாரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "உதை எனக்குச் சொல்லி என்ன பிரயோசனம்? கடிதம் கிடைச்ச ஆளுக்கெல்லோ சொல்லவேணும்" என்றார். முப்பத்தொரு வருஷம் ஊராருடைய கடிதங்கள் என் கையால் போயின. ஒன்றைப் பிரித்ததில்லை, ஒன்றை மறைத்ததில்லை. கடைசியில் என் சொந்தக் கடிதத்தில் பொய் எழுதிவிட்டேன். வெட்கமாக இருந்தது, அதுதான் பேனை எடுக்கவில்லை.

உள்ளது இதுதான். ஓடு ஒழுகவில்லை. தெற்கு யன்னல் ஒரு விரலால் தள்ளத் திறக்கும். சோளகக் காற்று தொடங்கினால் மின்விசிறி தேவையில்லை. கிணறு நல்ல தண்ணீர். அந்தப் பகுதியில் உப்புக் கரிக்காத கிணறு எத்தனை என்று விரல் விட்டு எண்ணலாம். பின்னேரம் நாலு மணிக்குக் குசினி வாசலில் வெயில் விழும். அங்கே கதிரையைப் போட்டு இருந்தால் முழங்காலுக்கு அப்படி ஒரு சுகம். கக்கூஸ் கொளுவி மட்டும் உண்மை.

ஐந்து வீடும் நல்ல வீடு. கேட்கிற விலைக்குப் பெறுமதி. வாங்கு.

மனுசியிடமும் கதைத்தேன். "வாங்கிறவர் நல்லாய் இருக்கட்டும். நான் போறன். என்ரை அலுமாரியைத் தூக்க ரெண்டு பெடியள் வேணும், அவ்வளவுதான்" என்றாள். நான் பயந்த அளவுக்கு அவள் பொல்லாதவள் இல்லை.

மச்சாளுக்கும் அன்பு.
அக்கா

*

பேர்கன்
14.04.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் சுகத்தை, முக்கியமாக முழங்காலை, விசாரித்து எழுதுகிறேன்.

உண்மையை எழுதியதற்கு நன்றி. சுவாமியாருக்கும் நன்றி.

இந்த முறை ஒரே ஒரு கேள்வி. அந்த நாலாம் வீட்டு மனுசி அங்கே சந்தோசமாக இருக்கிறாவா? யாரும் தன்னைக் கைவிட்டுவிட்டதாக நினைக்கிறாவா? இதற்கு உள்ளதை உள்ளபடி பதில் வேண்டும், அக்கா. வாங்குவதா விடுவதா என்பது இனி அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

விலாசம் இந்த முறையும் இல்லை.

றஞ்சித்

*

04.05.2025

அன்புத் தம்பிக்கு,

நான் சுகம். உன் கடிதம் இவ்வளவு சின்னதாக வந்ததும் உனக்குத்தான் சுகமில்லையோ என்று பயந்துபோனேன். இடுப்புக்கு நல்லெண்ணெய் பூசுகிறாயா?

வாடகைக்கு இருக்கிற ஒரு கிழவியின் சந்தோசத்தை எந்த வீட்டுக்காரன் விசாரிப்பான்? நீ கேட்டாய், அதனால் சொல்கிறேன்.

அவளை யாரும் கைவிடவில்லை. பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அங்கேதான் வருவார்கள். கறி இந்த வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் நடக்கும். மருமகன் கடலால் வந்தால் முதல் மீனை மாமிக்குக் கொடுத்துவிட்டுத்தான் தன் வீட்டுக்குப் போவான். அவளாகத்தான் தனியே வந்தாள்.

ஏன் வந்தாள் என்று கேட்பாய். பிறந்த வீட்டின் திறப்பு தகப்பனிடம் இருந்தது. கலியாணம் முடித்த பிறகு புருசனின் இடுப்பில். அவர் போனபின் மகளின் கைப்பையில். வேலை செய்த இடத்துத் திறப்பு அரசாங்கத்துடையது, பின்னேரமானால் மேசை லாச்சிக்குள் வைத்து, பதிவுப் புத்தகத்தில் எழுதிவிட்டு வரவேண்டும். இந்த வீட்டுக்கு வந்த அன்று மாஸ்ரர் ஒரு திறப்பை அவள் கையில் கொடுத்தார். அறுபத்துநாலு வயதில் அதுதான் அவளுக்கென்று முதல் திறப்பு. சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருக்கிறாள். முதல் வாரம் தேவையில்லாமல் ஏழெட்டுத் தரம் பூட்டித் திறந்தாளாம். தையல்காரி கண்டு, "பூட்டுப் பழுதோ?" என்று கேட்டாளாம்.

விரும்பின நேரம் தேத்தண்ணி வைப்பாள். வானொலியைச் சத்தமாகப் போடுவாள். ஒருநாள் பகல் சாப்பாட்டுக்கு மாம்பழம் மட்டும் வெட்டிச் சாப்பிட்டாள், கேட்க ஆளில்லை. சந்தோசமாக இருக்கிறாள், தம்பி. இவ்வளவு சந்தோசமாக இருக்கலாம் என்று அவளுக்கே முன்பு தெரியாது.

ஆனால் நீ வாங்கு. நீ குளிரில் முப்பத்தைந்து வருஷம் கிடந்தாய். அந்தக் காற்றில் இருக்க உனக்கு உரிமை உண்டு. அவளுக்கு வேறு வீடு கிடைக்கும், திறப்பு எல்லாப் பூட்டுக்கும் இருக்கிறதுதானே.

அன்புடன்,
அக்கா

*

பேர்கன்
22.05.2025

பெறுநர்: நாலாம் வீட்டில் வாடகைக்கு இருப்பவர், பாசையூர்.

மதிப்புக்குரிய அம்மா,

தாங்கள் முழங்கால் வலியின்றி நலமாக இருக்க அந்தோனியாரை மன்றாடுகிறேன். தங்கள் வீடு உட்பட ஐந்து வீடுகளையும் வாங்க முடிவு செய்திருப்பவன் நான். ஒரு வாடகைக்காரரிடம் நேரடியாகக் கேட்கவேண்டிய சில விஷயங்கள் உண்டு.

எனக்கு ஓர் அக்கா இருக்கிறார். அனுப்புநர் விலாசம் இல்லாத கடிதத்தைத் தாயில்லாப் பிள்ளை என்பார். அப்படிப்பட்டவர் எனக்கு மூன்று கடிதம் எழுதி ஒன்றிலும் விலாசம் எழுதவில்லை. உண்மை விலாசத்தை எழுதப் பயம். பொய் விலாசம் எழுத அந்தத் தபால்காரக் கை வரவில்லை. அப்படித்தானே? அதோடு, வீடு பார்க்கப் போன ஒருவருக்கு நாலு மணி வெயில் முழங்காலுக்குச் சுகம் என்று எப்படித் தெரியும்? பென்சன்காரிக்கும் அதே முழங்காலா?

போன மாதமே லவீனாவுக்குப் போன் எடுத்து, அம்மா எங்கே இருக்கிறா என்று கேட்டேன். "அம்மாட்டைக் கேட்டுப்போட்டுச் சொல்லட்டே, மாமா?" என்று அழத் தொடங்கினாள். எனக்கு அவ்வளவும் போதும். வங்கி, வள்ளம் எல்லாம் பிறகு அழுதழுது சொன்னாள்.

அக்கா, அதன்பின் சில கிழமை கோபமாக இருந்தேன். நான் கட்டின வீட்டில் நீங்கள் இல்லை என்பது நெஞ்சில் குத்தியது. அதைவிட, உங்களை எழுப்பச் சொல்லி உங்களுக்கே கடிதம் எழுதினேனே, அதற்கு நீங்கள் 'வாங்கு' என்று பதில் எழுதினீர்களே, அதைத் தாங்க முடியவில்லை. பஸ்ஸை ஒரு தரிப்பிடத்தில் ஐந்து நிமிஷம் நிற்பாட்டிவிட்டேன். நோர்வேக்காரர் ஒருவரும் கேட்கவில்லை, இங்கே அழுகிறவனை ஒருவரும் கேட்பதில்லை. பிறகு திறப்புக் கடிதம் வந்தது. கோபம் போய்விட்டது. அந்த வீடு நான் உங்களுக்காகக் கட்டினேன், இந்த வீட்டை நீங்களே உங்களுக்குத் தேடிக்கொண்டீர்கள். இதுதான் பெரிது.

உறுதி எழுதும் நொத்தாரிசிடம் சொல்லிவிட்டேன். உறுதியில் நாலாம் வீட்டின் சீவிய உரித்து உங்கள் பெயரில் இருக்கும். எந்த வங்கி கேட்டாலும், எவன் வள்ளம் வாங்கினாலும் விடக்கூடாது. நாங்கள் மூன்றாம் வீட்டில் இருப்போம். மாஸ்ரரின் வலைகளைக் கிளப்பச் சொல்லுங்கோ. உங்களிடம் வாடகை ஒரு சதமும் வாங்க மாட்டேன்.

நிருஷனில் எனக்குக் குறை ஒன்றுமில்லை. வள்ளத்துக்கு என்ன பெயர் வைத்தான் என்று எழுதுங்கோ.

உங்கள் வீட்டுக்காரன்,
றஞ்சித்

*

அனுப்புநர்:
திருமதி ம. மக்டலீன்,
நாலாம் வீடு, இன்னாசித்தம்பி மாஸ்ரர் ஒழுங்கை,
பாசையூர், யாழ்ப்பாணம்.

10.06.2025

அன்புத் தம்பிக்கு,

மேலே பார். திருப்திதானே?

நான் சுகம், மாதா காத்தார். தபால்காரப் பெடியன் நேரே என் கதவடியில் வந்து, "அன்ரி, நாலாம் வீடு எண்டால் நீங்கள்தானே?" என்று உன் கடிதத்தை நீட்டினான். எத்தனை ஆயிரம் கடிதங்களை வீட்டு வாசல்களுக்கு அனுப்பியிருப்பேன். இந்த வாசலுக்கு வந்த முதல் கடிதம் அது. வாசித்து அழுதேன். பிறகு சிரித்தேன். தையல்காரி மெஷினை நிற்பாட்டிவிட்டு எட்டிப் பார்த்தாள் என்றால் எவ்வளவு சத்தமாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்.

உன்னிடம் மறைத்தது பிழைதான். நீ நோவாய் என்று மறைத்தேன், மறைத்ததில் இன்னும் நோகப்பண்ணிவிட்டேன். மன்னித்துக்கொள்.

மூன்றாம் வீட்டிலிருந்து வலைகள் போய்விட்டன. நிருஷன் வெள்ளை அடிக்கிறான். உன் கடிதத்தை அவனுக்கு வாசித்துக் காட்டினேன், ஒரு நாள் முழுக்க நிமிர்ந்து நடந்தான். வள்ளத்தின் பெயர் கேட்டாய். 'மக்டலீன்' என்று சிவப்பு மையால் பெரிதாக எழுதியிருக்கிறான். மாமியைக் கடலுக்கு அனுப்பிப்போட்டான் என்று கரையில் எல்லோரும் பகிடி பண்ணுகிறார்கள்.

இனி வாடகைக்காரியாகக் கதைக்கிறேன். சீவிய உரித்தை எடுத்துக்கொள்கிறேன், இந்த முறை விடமாட்டேன். ஆனால் மாஸ்ரருக்குக் கொடுத்த அதே வாடகையை மாதம் முதலாம் திகதி உனக்கும் கொடுப்பேன். சும்மா இருந்தால் அது தம்பியின் வீடு. வாடகை கொடுத்தால் என் வீடு. வாங்கமாட்டேன் என்றால் சொல், அலுமாரியைத் தூக்க இரண்டு பெடியங்களைப் பிடிக்கிறேன். வாங்குவாய் என்றால் முதல் வேலையாகக் கக்கூஸ் கொளுவியை மாற்று. வீட்டுக்காரன் என்று ஒருவன் பிறகு எதற்கு?

மார்கழியில் வாருங்கள். மூன்றாம் வீட்டுத் திறப்பு உனக்கும் மச்சாளுக்குமாக என் குசினி ஆணியில் தொங்குகிறது. என் வீட்டுக்கு மட்டும் இரண்டாம் திறப்பு வெட்டுவிக்கவில்லை, லவீனாவுக்கும் கொடுக்கவில்லை. வந்தால் வெளியில் நின்று தட்டு. நான் வந்து திறப்பேன். முழங்காலுக்குக் கொஞ்சம் நேரம் கொடு.

உன் அக்கா,
மக்டலீன்